விளையாட்டுப் பெட்டி விற்பவர்கள் போன் விற்கலாமா?

2013 ஆகஸ்ட் 2 அன்று, புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் பெல் நிறுவனம் அமைத்த மின்நிலையக் குழாய்த் தொழிற்சாலையைப் பிரதமர் மன்மோகன் சிங் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கிழவன் சேதுபதி கட்டிய கோட்டையாலும், தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் என்பதாலும் அறியப்பட்ட திருமயத்துக்கு அன்று ஒரு தொழில் முகவரியும் கிடைத்தது. அனல்மின் நிலையக் கொதிகலனில் உருவாகும் உயர் அழுத்த நீராவியை டர்பைனுக்குக் கொண்டுபோகும் குழாய்களைச் செய்வது இந்த ஆலையின் வேலை. திருச்சியில் பல பத்தாண்டுகளாகக் கொதிகலன் செய்துவந்த நிறுவனம், அந்தக் கொதிகலனோடு இணையும் குழாய்க்காகப் பக்கத்து மாவட்டத்தில் இன்னோர் ஆலை போட்டது.

ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 3 அன்று இன்னொரு தொழில் விரிவாக்கச் செய்தி வந்தது. அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ஃபின்லாந்தின் நோக்கியாவிடமிருந்து கைப்பேசித் தொழிலை வாங்கப்போவதாக அறிவித்தது. மொத்த விலை 544 கோடி யூரோ. 2001 முதல் எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் கன்சோலை விற்றுவரும் நிறுவனம் அது. உலகின் மூன்று பெரிய கன்சோல் நிறுவனங்களில் ஒன்று, ஸ்மார்ட்போன் சந்தைக்குள் முழு உடம்போடு இறங்கிய தருணம் அதுதான்.

இந்த இரண்டு விரிவாக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பழைய வணிகக் கேள்விக்கு விடை தெளிவாகிறது: கேம் கன்சோல் செய்யும் நிறுவனம் ஸ்மார்ட்போன் செய்யலாமா?

பெல் நிறுவனத்தின் கணக்கில் மூன்று விஷயங்கள் பொருந்தியிருந்தன. கொதிகலன் வாங்கும் மின் நிறுவனமே குழாயையும் வாங்குகிறது. ஆகவே வாடிக்கையாளர் மாறவில்லை. உருக்கை வளைப்பது, வெல்டிங், அழுத்தச் சோதனை ஆகியவை இரண்டுக்கும் பொது. ஆகவே கைத்திறனும் மாறவில்லை. செய்துகொடுத்த பொருளுக்கு விலை என்பதுதான் இரண்டிலும் வரவு. ஆகவே லாபம் வரும் வழியும் மாறவில்லை. வாடிக்கையாளர், கைத்திறன், லாப வழி என்ற இந்த மூன்றையும் கன்சோல் நிறுவனத்தின் போன் ஆசையோடு பொருத்திப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பெட்டியில் நஷ்டம், ஆட்டத்தில் லாபம்

கைத்திறனைப் பொறுத்தவரை பெரிய தடை இல்லை. 2017-ல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்குள் இருந்தது என்விடியாவின் டெக்ரா வகைச் சிப். போன்களின் சிப்புகள் எந்த ஆர்ம் வடிவமைப்பில் அமைகின்றனவோ, அதே வடிவமைப்பில் அமைந்தது அது. கன்சோல்களைப் பூட்டிக்கொடுக்கும் தைவானின் ஃபாக்ஸ்கான்தான் ஐபோன்களையும் பூட்டிக்கொடுக்கிறது; ஸ்ரீபெரும்புதூரிலும் அதற்கு ஆலை உண்டு. திரை, பேட்டரி, சிப், பூட்டும் ஆலை எல்லாம் ஒரே சந்தையில் கிடைக்கும்போது, கன்சோல் நிறுவனத்தால் போன் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆசைக்கும் காரணம் இருக்கிறது. ஸ்விட்ச் உலகில் மிக அதிகம் விற்ற கன்சோல்களில் ஒன்று; 15 கோடியைத் தாண்ட அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஸ்மார்ட்போன்களோ ஓர் ஆண்டிலேயே நூறு கோடிக்கு மேல் விற்கின்றன. இந்த இரண்டு எண்களையும் பார்க்கும் எந்த முதலீட்டாளரும், ‘நீங்கள் ஏன் போன் செய்யக் கூடாது?’ என்று கேட்கவே செய்வார்.

சிக்கல் லாப வழியில் இருக்கிறது. டிஷ் பெட்டியைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டு மாதச் சந்தாவில் காசு பார்ப்பதைப் போன்றது கன்சோல் வணிகம். பெட்டியை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்பார்கள். பிறகு அந்தப் பெட்டியில் ஓடும் ஒவ்வொரு விளையாட்டின் விற்பனையிலிருந்தும் பங்கு எடுப்பார்கள். 2006-ல் சோனி தன் பிளேஸ்டேஷன் 3-ஐ நஷ்டத்துக்கே விற்றது. எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனையில் தங்களுக்கு லாபம் கிடைத்ததே இல்லை என்று 2021 மே மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்தார். எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் வெளிவந்த உண்மை அது.

போனில் அந்த வசூல் உரிமை ஏற்கெனவே வேறு இருவர் கையில் இருக்கிறது. ஐபோனில் ஆப்பிள், ஆண்ட்ராய்டில் கூகுள். செயலிக் கடை வழியாக விற்கும் விளையாட்டுக்கும், விளையாட்டுக்குள் விற்கும் பொருளுக்கும் 30 விழுக்காடு வரை கமிஷன் எடுப்பவர்கள் அவர்கள். அந்தக் கடையில் பணம் செலுத்தும் விதிகளுக்காகவே இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை பின்னர் குறைக்கப்பட்டது.

ஆக, கன்சோல் நிறுவனம் ஆண்ட்ராய்டு போன் செய்தால் பெட்டியின் சுமை அதற்கு, ஆட்டத்தின் வசூல் கூகுளுக்கு. கூகுளைத் தவிர்த்துச் சொந்த இயங்குதளம் போட்டால் வாட்ஸ்அப்பும் வங்கிச் செயலியும் யூபிஐயும் அதில் வர வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் போய் நிற்க வேண்டும்.

காதோரம் நிமிர்த்திப் பிடித்த போன்

இந்த இரண்டு தொழில்களையும் ஒட்டவைக்க முதலில் முயன்றது கைப்பேசி நிறுவனமான நோக்கியா. 2003 அக்டோபரில் அது என்-கேஜ் என்ற கருவியை வெளியிட்டது: பாதி போன், பாதி கேம் கருவி. அமெரிக்காவில் விலை 299 டாலர். அப்போது நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி 99 டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

என்-கேஜைக் கையில் எடுத்தவருக்கு முதல் நிமிடத்திலேயே குறை தெரிந்தது. ஓர் ஆட்டத்தை மாற்ற வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, அதற்கடியில் இருக்கும் அட்டையை மாற்றி, மறுபடி பேட்டரியைப் பூட்டி, போனை உயிர்ப்பிக்க வேண்டும். பேசும்போதோ, ஒலிபெருக்கியும் மைக்கும் கருவியின் விளிம்பில் இருந்ததால், அதன் ஓரத்தைக் காதில் வைத்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பேசுபவர்களின் படங்கள் இணையமெங்கும் கேலிக்கு ஆளாயின. மறு ஆண்டே என்-கேஜ் க்யூடி என்று திருத்திய வடிவம் வந்தது. அட்டையை வெளியிலிருந்தே மாற்ற முடிந்தது, வழக்கம்போல் பேசவும் முடிந்தது. அதற்குள் கருவியின் பெயர் கெட்டுவிட்டது.

அடுத்த முயற்சி கன்சோல் பக்கத்திலிருந்து வந்தது. 2011-ல் சோனி எரிக்சன் வெளியிட்ட எக்ஸ்பீரியா பிளேயை எல்லோரும் ‘பிளேஸ்டேஷன் போன்’ என்றே அழைத்தார்கள். திரையைத் தள்ளினால் அடியிலிருந்து பிளேஸ்டேஷன் பொத்தான்கள் வெளியே வரும். செய்நேர்த்தியில் குறையில்லாத கருவி. ஆனால் அதில் ஓடிய பிளேஸ்டேஷன் ஆட்டங்கள் 1990-களின் முதல் பிளேஸ்டேஷனுக்காக எழுதப்பட்டவை. புதிய ஆட்டங்களை எழுதுவோர், ஒரே ஒரு போனில் இருக்கும் பொத்தான்களுக்காக உழைப்பதைவிட எல்லாப் போன்களிலும் இருக்கும் தொடுதிரைக்காக எழுதுவதையே விரும்பினார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 2012 மே மாதம், எக்ஸ்பீரியா பிளேவுக்கு ஆண்ட்ராய்டின் அடுத்த பதிப்பான 4.0 வராது என்று சோனி அறிவித்தது. வெளிவந்து ஓராண்டு சுமாருக்குள் அந்தப் போன் பழையதாகிவிட்டது. கன்சோல் வாங்குபவர் அப்படி எதிர்பார்ப்பதில்லை. ஒரு கன்சோல் ஆறேழு ஆண்டுகள் மாறாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வாங்குபவர் பணம் போடுகிறார். அந்த நம்பிக்கையில்தான் ஆட்டம் எழுதுபவரும் உழைப்பைப் போடுகிறார். போன் வணிகமோ ஆண்டுதோறும் புதிய மாடல் என்ற கணக்கில் ஓடுவது. இந்த இரு கால அளவுகளும் ஒரே கருவிக்குள் அடங்கவில்லை. 2019-ல் சோனி இந்தியா உள்ளிட்ட பல சந்தைகளில் போன் விற்பனையையே விட்டு விலகியது. பிளேஸ்டேஷனை விற்பதை அது நிறுத்தவில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த விலை

மூன்றாவது முயற்சி மைக்ரோசாஃப்ட்டுடையது. 2010-ல் கின் என்ற பெயரில் அது கொண்டுவந்த போன்கள் அமெரிக்கச் சந்தையில் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் போனில் எக்ஸ்பாக்ஸ் பெயரில் தனிப்பகுதி இருந்தது. ஆனால் வீட்டு எக்ஸ்பாக்ஸில் ஓடும் ஆட்டங்கள் அதில் ஓடவில்லை. அதே பெயர் தாங்கிய சிறு ஆட்டங்களே கிடைத்தன. நோக்கியா செய்த லூமியா 520 போன்ற மலிவு மாடல்கள் இந்தியாவில் நன்றாகவே விற்றன. வாங்கியவர்கள் கேட்டது எக்ஸ்பாக்ஸ் இருக்கிறதா என்று இல்லை. நண்பர் போனில் இருக்கும் செயலி தங்கள் போனில் ஏன் வரவில்லை என்றுதான். 2013-ல் மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய யூடியூப் செயலியைக் கூகுள் முடக்கியது. சொந்த இயங்குதளத்தோடு வருகிறவர் எதையெல்லாம் யாரிடமெல்லாம் கேட்டு நிற்க வேண்டும் என்பதற்கு அது ஒன்றே போதும்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகின் மிகப் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பள்ளிப்படிப்போ டிப்ளமோவோ முடித்த கையோடு பல மாவட்டங்களிலிருந்து வந்து, வாடகை அறைகளில் கூட்டாகத் தங்கி, ஷிப்டு பேருந்தில் ஆலைக்குப் போய்வந்த தலைமுறை அது. அவர்கள் பூட்டிய போன்கள் இந்தியாவுக்கு மட்டுமல்லாமல் பல நாடுகளுக்கும் போயின.

2013-ல் வருமானவரித் துறை, ஃபின்லாந்துத் தலைமையகத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று நோக்கியாவிடம் சுமார் 2,080 கோடி ரூபாய் கேட்டது. ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. ஆலையை மைக்ரோசாஃப்ட்டுக்கு மாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழக அரசின் விற்பனை வரிக் கோரிக்கையும் அதே காலத்தில் வந்து சேர்ந்தது. 2014 ஏப்ரல் 25 அன்று உலகெங்கும் இருந்த நோக்கியாவின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை போகவில்லை. அது மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்துகொடுக்கும் இடமாக நோக்கியாவிடமே தங்கியது.

ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி நின்ற ஆலை அதிக நாள் நிற்கவில்லை. அந்த ஆண்டு நடுவிலேயே 5,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேறினார்கள். இருபதுகளில் இருந்தவர்களுக்கு ஓய்வு! மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. மூடலுக்கு வரி வழக்கு முக்கியக் காரணம். அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கைப்பேசிச் சந்தையில் தனக்கென்று இடம் பிடிக்க முடியாத ஒரு நிறுவனம், வரி வழக்கே இல்லாமலிருந்தாலும் அந்த ஆலைக்கு நெடுநாள் வேலை கொடுத்திருக்காது. அதற்கு ஆதாரம் அடுத்த ஆண்டிலேயே கிடைத்தது. 2015 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், நோக்கியா வாங்கியதில் 760 கோடி டாலரைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்து, மேலும் 7,800 பேரைப் பணிநீக்கம் செய்வதாக அறிவித்தது. வாங்கிய விலைக்கு நிகரான தொகை அப்படியே கரைந்தது. 2019 டிசம்பர் 31-க்குப் பிறகு விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப்பும் நின்றுபோனது.

அதே வாரத்தில் வாங்கிய விளையாட்டு

ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உற்பத்தி நின்ற அதே வாரத்தில், 2014 நவம்பர் 6 அன்று, மைக்ரோசாஃப்ட் இன்னொரு கொள்முதலை முடித்தது. ஸ்வீடனைச் சேர்ந்த மொஜாங் என்ற சிறு நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. மொஜாங்கின் முதன்மையான சொத்து ஒரு விளையாட்டு: மைன்கிராஃப்ட். சதுரக் கட்டைகளை வெட்டியெடுத்து அடுக்கி வீடும் கோட்டையும் ஊரும் கட்டும் ஆட்டம்.

மைன்கிராஃப்டைத் தன் எக்ஸ்பாக்ஸுக்குள் பூட்டிவைக்க மைக்ரோசாஃப்ட்டுக்கு முழு உரிமையும் இருந்தது. அது அப்படிச் செய்யவில்லை. போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷனிலும், நிண்டெண்டோவின் ஸ்விட்சிலும், ஐபோனிலும், ஆண்ட்ராய்டிலும் ஆட்டத்தைத் தொடர்ந்து விற்றது. 2023 அக்டோபரில் மைன்கிராஃப்ட் 30 கோடி பிரதிகள் விற்றதாக அறிவிக்கப்பட்டது. போனில் அதை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் ஆட்டம் முழுதும் திறக்கும். கூடுதல் பொருள் விற்கும் கடை உள்ளே இருக்கிறது. வாங்காவிட்டால் ஆட்டம் தடைப்படாது.

ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு கொள்முதல்கள். போன் ஆலைகளுக்குக் கொடுத்த காசு போயிற்று. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கிய விளையாட்டு, யாரோ செய்த எல்லாப் போன்களிலும் குடியேறிவிட்டது. மைக்ரோசாஃப்ட் பாடத்தை மறக்கவில்லை. 2023-ல் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கியபோது, கேண்டி கிரஷ் ஆட்டத்தைச் செய்த கிங் நிறுவனமும் அதோடு சேர்ந்து வந்தது. போனுக்குள் போக அது இப்போது நம்பியிருப்பது ஆட்டங்களைத்தான்.

நிண்டெண்டோ எடுத்த நடுவழி

கியோட்டோவில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிண்டெண்டோவுக்கு, போன் செய்யச் சொல்லி வந்த நெருக்கடி மற்ற எவரையும்விட அதிகம். 15 கோடிக்கு மேல் விற்ற டிஎஸ் கருவிக்குப் பிறகு, 2011-ல் வந்த 3டிஎஸ் தொடக்கத்தில் படுத்தது. ஆறு மாதத்துக்குள் ஜப்பானில் அதன் விலையை 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைத்தார்கள். தலைவர் சதோரு இவாதா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். 2012-ல் வந்த வீ யூ மொத்தமாகவே 1.36 கோடிதான் விற்றது. எல்லோர் பையிலும் ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்துவிட்ட பிறகு தனிக் கேம் கருவி எதற்கு என்ற கேள்வி எங்கும் எழுந்தது.

2015 மார்ச்சில் இவாதா பதில் சொன்னார். டிஎன்ஏ என்ற ஜப்பானியக் கைப்பேசி விளையாட்டு நிறுவனத்தோடு கூட்டு. போனுக்கு ஆட்டங்கள் வரும். கூடவே புதிய கன்சோல் ஒன்றும் உருவாகிறது என்றார். நான்கு மாதத்தில் அவர் காலமானார். அந்தக் கன்சோல்தான் ஸ்விட்ச்.

போனில் நிண்டெண்டோ பெற்ற அனுபவம் கலவையானது. 2016 டிசம்பரில் வந்த சூப்பர் மாரியோ ரன், கைப்பேசி உலக வழக்கத்துக்கு மாறாக, 9.99 டாலர் ஒருமுறை கொடுத்தால் ஆட்டம் முழுதும் என்ற விலையில் வந்தது. சுமார் 20 கோடிப் பேர் இறக்கினார்கள். காசு கொடுத்தவர்கள் சிறுபகுதியினரே. எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2017 பிப்ரவரியில் வந்த ஃபயர் எம்ப்ளம் ஹீரோஸ், காசு போட்டுக் குலுக்கலில் கதாபாத்திரம் எடுக்கும் முறையில் அதைவிட அதிகம் சம்பாதித்தது. மாரியோ கார்ட் டூர் ஆட்டத்திலும் அந்தக் குலுக்கல் முறை இருந்தது. பின்னர் 2022-ல் நிண்டெண்டோவே அதை நீக்கிவிட்டது.

நிண்டெண்டோ மொத்தத்தில் போனை நம்பிப் பிழைக்கவில்லை. 2020 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் கைப்பேசி ஆட்டங்களும் உரிமத் தொகையும் சேர்ந்து அதற்குத் தந்தது 5,120 கோடி யென். மொத்த விற்பனை 1,30,850 கோடி யென். நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் போன் வழியாக மாரியோவைத் தெரிந்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர் பிறகு ஸ்விட்ச் வாங்குவார்கள் என்பதுதான் அதன் கணக்கு. குழந்தை எத்தனை மணிநேரம் ஸ்விட்சில் ஆடுகிறது என்று பெற்றோர் தங்கள் போனிலேயே பார்த்துக் கட்டுப்படுத்தவும் அது ஒரு செயலி கொடுத்தது. போனைத் தன் தொழிலுக்குத் துணையாக்குவது, போன் செய்யும் தொழிலில் இறங்குவதிலிருந்து முற்றிலும் வேறு.

திருமயத்தில் யார் வாங்குவார்?

மூன்று அளவுகோல்களில் மீதமிருப்பது வாடிக்கையாளர். புதுக்கோட்டை–காரைக்குடி சாலையில் இருக்கும் திருமயம் போன்ற தாலுகா தலைநகரில் ஒரு குடும்பம் போன் வாங்கும்போது எதைப் பார்க்கிறது? யூபிஐ, வாட்ஸ்அப், யூடியூப், வெளிநாட்டில் இருக்கும் உறவினரோடு வீடியோ அழைப்பு, பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம். பேட்டரி ஒரு நாள் தாங்க வேண்டும். கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தால் அதே ஊரிலோ புதுக்கோட்டையிலோ மாற்ற முடிய வேண்டும். விளையாட்டு இந்தப் பட்டியலின் கடைசியில் வருகிறது. பல வீடுகளில் அந்தப் போன் பகலில் பெரியவரின் சட்டைப்பையில் இருக்கும். மாலையில்தான் பிள்ளை கைக்கு வரும். அந்த வீட்டுக்குத் தனியாக ஒரு ‘கேம் போன்’ விற்க முடியாது. விளையாட்டுக் கருவிகளால் பெயர் வாங்கிய ரேசர் நிறுவனம் 2017-லும் 2018-லும் இரண்டு கேம் போன்களைக் கொண்டுவந்துவிட்டு நிறுத்திக்கொண்டது. வசதியான நாடுகளிலேயே அந்தச் சந்தை அவ்வளவு குறுகலானது.

கன்சோல் வாங்கலாமே என்றால், 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5-இன் விலை 49,990 ரூபாய். புதிய ஆட்டம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் வரை. ஸ்விட்சை 2017-ல் நிண்டெண்டோ இந்தியாவில் முறையாக அறிமுகப்படுத்தவே இல்லை. இறக்குமதி செய்து விற்பவர்களிடம்தான் வாங்க வேண்டியிருந்தது. ஜியோ வந்த 2016-க்குப் பிறகு டேட்டா மலிவாகிவிட்ட நாட்டில், பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போன்தான் கன்சோல்.

அந்தப் போனில் அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். இலவசம் என்று இறங்கும் ஆட்டங்களில் பெரும்பாலானவை, அரை நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரத்தைக் காட்டி, காசு கொடுத்தால்தான் அடுத்த கட்டம் என்று நச்சரிக்கின்றன. பணம் வைத்து ஆடும் ரம்மியும் போக்கரும் எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளிய பிறகுதான் தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது; 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பண விளையாட்டுகளுக்குத் தடை விதித்தது. சட்டம் கெட்டதை அகற்றலாம். அந்த இடத்தில் நல்ல ஆட்டத்தைக் கொண்டுவந்து வைப்பது சட்டத்தின் வேலையாக முடியாது.

நல்ல ஆட்டம் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ், 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்ப் பெண் வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் கட்டத்தில் இட்லி. தட்டுகளை எந்த வாக்கில் அடுக்கினால் மேல்தட்டு இட்லிக்கும் ஆவி போய்ச் சேரும் என்பதுதான் புதிர். இதில் யாரையும் சுட வேண்டியதில்லை, குலுக்கலுக்குக் காசு போட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை ‘வெண்பா’வுக்கு வழங்கியது.

ஆனால் அது வெளியானது ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், கணினி ஆகியவற்றில். தமிழ் அடுப்படியைப் பற்றிய விளையாட்டு உலகெங்கும் பாராட்டுப் பெற்ற வேளையில், கையில் ஆண்ட்ராய்டு போன் மட்டுமே இருந்த திருமயத்துப் பிள்ளைக்கு அது எட்டவில்லை.

தீர்ப்பு

கன்சோல் நிறுவனம் போன் செய்யக் கூடாது. கைத்திறன் இருக்கிறது, ஆனால் லாப வழி வேறு, வாடிக்கையாளரின் தேவை வேறு. மூன்றில் ஒன்று மட்டும் பொருந்தும் விரிவாக்கத்துக்கு சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்த இளைஞர்களும் அந்த விலையில் ஒரு பங்கைச் சுமந்தார்கள்.

போனுக்குள் வராமலும் இருக்கக் கூடாது. கன்சோல் உலகம் நாற்பது ஆண்டுகளாகக் காத்துவந்த ஒரு நேர்மையான பேரம் உண்டு: ஒரு விலை, முழு ஆட்டம், பெற்றோர் கையில் கட்டுப்பாடு. கைப்பேசி விளையாட்டுகளில் மிக அரிதாகக் கிடைப்பதும் அதுவே. சூப்பர் மாரியோ ரன் அந்தப் பேரத்தில் தடுமாறியது உண்மை, ஆனால் 9.99 டாலர் இந்தியக் குடும்பத்துக்கு ஏற்ற விலையா என்பதையும் பார்க்க வேண்டும். இன்று யூபிஐயில் ஐம்பது ரூபாயும் நூறு ரூபாயும் யோசிக்காமல் செலுத்தும் கோடிக்கணக்கான மக்கள் இருக்கிறார்கள். இங்குள்ள வருமானத்துக்கேற்ற விலையும், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளும், நடுத்தரப் போனிலும் தடங்கலின்றி ஓடும் அளவும் இருந்தால், நிண்டெண்டோவும் சோனியும் மைக்ரோசாஃப்ட்டும் தங்கள் பெட்டிகள் எட்டாத ஊர்களுக்கெல்லாம் போக முடியும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு ஆட்டத்தை இறக்கும் முன், செயலிக் கடையில் அதன் பெயருக்குக் கீழே விளம்பரம் உண்டு என்றோ செயலிக்குள் வாங்குதல் உண்டு என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் நல்ல விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். முதல் சில நாள்கள் கூடவே உட்கார்ந்து ஆடுங்கள். வாங்குபவர்கள் அப்படித் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால், விற்பவர்களும் அப்படிப்பட்ட ஆட்டங்களைத் தமிழில் கொண்டுவருவார்கள்.